ஓடைக்கு மேற்கே

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி, நான் கேட்டால் குறைந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் கூடியிருக்கிறது. உன் இருமல் எப்படி? தையல் கம்பெனியில் மூக்குக்குத் துணி கட்டிக்கொள்கிறாயா? மாமாவை விசாரித்ததாகச் சொல்.

போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். பாதிப் பேச்சை அவளே பேசியும் விடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுது.

தொல்பொருள் அலுவலகத்தில் அப்படி என்னதான் வேலை செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். இந்த வட்டாரத்தில் எங்கெங்கே பழைய கோட்டைச் சுவர், கல்வெட்டு, புதைகுழி இருக்கிறது என்று முன்பு இருந்தவர்கள் அட்டைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். இரும்பு அலமாரி நிறைய அட்டை. ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைக்கிறோம். புள்ளியைத் தொட்டால் அந்த இடத்தைப் பற்றி எழுதியது, போட்டோ, யாருடைய நிலம் என்பது எல்லாம் வரும். அதன்மேல் சாலை, ஓடை, வீட்டுமனை என்று அடுக்கடுக்காகப் போட்டுப் பார்க்கலாம். நாளைக்கு ஒருவர் ரோடு போட வந்தால், இங்கே தோண்டாதே என்று அந்தப் புள்ளி சொல்லும். அட்டை சொல்லாது. அது அலமாரிக்குள் இருக்கும்.

இந்த அறையில் நான் ஒருத்திதான் இருந்தேன். இப்போது இன்னொருத்தி வந்திருக்கிறாள். வெள்ளை ஷூ போட்டிருக்கிறாள். புழுதியில் நடந்து வந்தாலும் அந்த ஷூ வெள்ளையாகவே இருக்கிறது. அவள் அப்பா பேராசிரியர். வந்த அன்றைக்கே எங்கள் அதிகாரி மேடத்தின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனாள். நான் இத்தனை நாளாகத் தட்டிவிட்டு வெளியிலேயே நிற்கிறேன்.

ஒப்பந்தத்தில் இருப்பவர்களில் ஒருவரை இந்த வருடம் நிரந்தரமாக்குவார்களாம். மேடம்தான் பெயர் கொடுக்க வேண்டும். போன மாதம் வரை ஒருவர் என்றால் அது நான்தான். இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே.

உன் தங்கை


பிப்ரவரி 19

என் பூனைக்கு,

இருமலும் இருக்கிறது, நானும் இருக்கிறேன். மாமாவுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. நான் செருப்பைக் கழற்றும்போது அவர் மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். குடும்பம் வாசலில் நடக்கிறது.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். சட்டைகளைச் சோதிக்கும் மேசையில் என் பக்கத்தில் உட்காருபவள் எட்டிப் பார்த்து, "யாரு, ஆபீசர் தங்கச்சியா?" என்றாள். "ஆமா"ன்னேன். ஆபீசர் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பத்தாவதோடு நின்ற என்னை இங்கே எல்லாரும் உன்னை வைத்துத்தான் மதிக்கிறார்கள்.

ஷூ வெள்ளையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று உனக்குச் சின்ன வயதிலிருந்து சொல்கிறேன். நீ அழவும் மாட்டாய், கேட்கவும் மாட்டாய். அடுத்த பிள்ளை குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பாய். உள்ளே போய்ப் பேசு.

உன் கடிதத்தில் மாமாவைவிட மேடம் அதிகம் வருகிறார். சும்மா சொன்னேன்.

அம்மாவைப் பார்த்துக்கொள். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சுகம். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது இல்லை. மேடம் ஒரு கஷாயப் பொடி கொடுத்தார், அதில்தான் விட்டது. உனக்கும் வாங்கி அனுப்பட்டுமா?

இங்கே புதுச் சாலை வரப்போகிறது. அது போகும் வழியில் ஒரு மேடு இருக்கிறது. எங்கள் அட்டைகளில் அதற்கு வட்டக்கல் மேடு என்று பெயர். மிகப் பழைய காலத்தில் இறந்தவர்களைப் புதைத்து, மேலே ஆள் இடுப்பு உயரக் கற்களை வட்டமாக நட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்பது வட்டம். முள்ளுப் புதருக்குள் கிடப்பதால் மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. நடந்து போனால்தான் தெரியும். நான் போன வருடம் நடந்து பார்த்திருக்கிறேன்.

அந்த மேட்டை வரைபடத்தில் ஏற்றும் வேலையை மேடம் என்னிடம் தருவார் என்று நினைத்தேன். "நீங்க போனவங்கதானே, ஒரு வார்த்தை கேளுங்க" என்று அலுவலக வண்டி ஓட்டும் அண்ணன்கூடச் சொன்னார். கேட்கலாம் என்று கதவருகே போனேன். உள்ளே வெள்ளை ஷூவின் சிரிப்புச் சத்தம். திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் வேலை அவளுக்குப் போய்விட்டது. அறைக்குள்ளேயே உட்கார்ந்து, அட்டைகளைப் பார்த்து, ஒரே வாரத்தில் முடித்துவிட்டாள். மேடம் எல்லார் முன்னாலும், "என்ன வேகம் பாருங்க" என்றார்.

அவள் கெட்டவள் இல்லை அக்கா, அதுதான் கஷ்டம். என்னை அக்கா என்று கூப்பிடுகிறாள். "அக்கா, சாப்டீங்களா? அக்கா, ஃபேன் வேணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மதியம் அவள் அப்பா போன் செய்கிறார். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, லேயர், அதான் அந்த வரைபட அடுக்கு, எல்லாம் சரியாக உட்கார்ந்ததா என்றும் கேட்கிறார். நான் அந்த நேரம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

அவள் போட்ட புள்ளிகளில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


மார்ச் 24

பூனைக்கு,

கஷாயப் பொடி வேண்டாம். உன் மேடம் உனக்குக் கொடுத்தது, நீயே குடி. உனக்குக் காய்ச்சல் வந்ததே எனக்கு விட்ட பிறகுதான் தெரிகிறது. முன்பெல்லாம் உனக்குத் தும்மல் வந்தாலே முதலில் எனக்குத்தான் தெரியும்.

உன்னை அக்கா என்று கூப்பிட ஒருத்தி கிடைத்துவிட்டாளா? சந்தோஷம். எனக்கு அந்தப் பதவி போகாமல் இருந்தால் சரி.

என்ன வேடிக்கை? நீ வேடிக்கை என்று எழுதினால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. விவரமாக எழுது.

மாமா நலம். அவர் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், அம்மாவிடம் சொல்.

அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வெயில் ஏறிவிட்டது. அம்மா பகலெல்லாம் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் அறையில் காற்று வருகிறதா?

வேடிக்கை இதுதான். பழைய வரைபடம் போட்டவர்கள் பூமி உருண்டையை ஒரு கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். இன்றைய கருவிகள் வேறு கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அட்டையில் இருப்பது பழைய கணக்கு எண்கள். அவற்றை மாற்றித்தான் போட வேண்டும். அப்படியே போட்டால் எல்லாப் புள்ளியும் ஒரே பக்கமாக, ஒரு தெரு நீளத்துக்குத் தள்ளி உட்காரும். மாற்றுவது கம்ப்யூட்டரில் ஒரு நொடி வேலை. வெள்ளை ஷூ மறந்துவிட்டாள். எல்லாம் சேர்ந்தே நகர்ந்ததால் ஒன்பது வட்டமும் அதே அழகோடு இருக்கின்றன. பார்ப்பவர்களுக்குச் சந்தேகமே வராது.

எனக்கு வந்தது. ஏழாவது வட்டத்தின் நிழலில் உட்கார்ந்து நான் சாப்பிட்டிருக்கிறேன். கை கழுவக் கிழக்குப் பக்கம் ஓடையில் இறங்கியிருக்கிறேன். அப்படியென்றால் வட்டம் ஓடைக்கு மேற்கே. திரையில் அது ஓடைக்குக் கிழக்கே இருக்கிறது. புதுச் சாலை ஓடைக்கு மேற்கே போகிறது. அவள் படத்தைப் பார்த்தால், சாலைக்கும் கல்லுக்கும் சம்பந்தமே இல்லை.

வரைவுப் படம் சாலை அலுவலகத்துக்குப் போய்விட்டது. ஆனால் அது வரைவுதான். மே மாதம் எல்லாரும் உட்காரும் கூட்டம் இருக்கிறது. அதில் கையெழுத்தான பிறகுதான் வேலை தொடங்குவார்கள்.

வேறு விசேஷம் இல்லை. மேடம் என் புடவை நன்றாக இருக்கிறது என்றார். நீ அனுப்பியதுதான்.

உன் தங்கை


ஏப்ரல் 11

பூனைக்கு,

நலம். உன் கணக்கெல்லாம் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் நீ எழுதாத ஒன்று நன்றாகப் புரிந்தது. அவளிடம் சொன்னாயா? மேடத்திடம் சொன்னாயா?

எதற்குக் கூட்டம் வரை காத்திருக்கிறாய்? அத்தனை பேர் பார்க்க அவள் முகம் எப்படிப் போகும் என்று நீ மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறாய். என் வயிற்றுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியவள் நீ. எனக்குத் தெரியாதா?

நாளைக்கே போய்ச் சொல். நான் கேட்கிறேன்.

புடவை அனுப்பியது நான். நன்றாக இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை, மேடம் சொன்னதுதான் வந்தது.

அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதி ஒரு மாதம் ஆகிவிட்டது. வேலை அதிகம். அம்மா நலம். உன் கடிதம் வந்தது.

கூட்டம் நடந்தது. நீண்ட மேசை, நடுவில் பிளாஸ்டிக் பூ, ஒவ்வொருவர் முன்னும் தண்ணீர்ப் பாட்டில். சாலைக்காரர்கள் நாலு பேர். வெள்ளை ஷூ எழுந்து படத்தைக் காட்டி, "இந்த ஒன்பதும் சாலையிலேர்ந்து தூரமா இருக்கு, சார். பிரச்சினை இல்ல" என்றாள். கையில் ஒரு சீட்டுக்கூட இல்லாமல் பேசினாள்.

நான் எழுந்தேன். "அது ஓடைக்கு மேற்க இருக்கு" என்றேன். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா" என்றார் சாலைப் பொறியாளர். மறுபடி சொன்னேன். என்ன தவறு என்று விளக்கினேன். மேடம் தன் மடியில் இருந்த கம்ப்யூட்டரிலேயே எண்களை மாற்றிப் போட்டார். ஒன்பது புள்ளியும் ஓடையைத் தாண்டிச் சாலைக்கு நடுவில் போய் உட்கார்ந்தன. நான் நினைத்தது போலவே எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்போது பொறியாளர், "ஐயையோ, அந்தப் பக்கம் போன வாரமே மண்ணு தள்ள ஆரம்பிச்சுட்டாங்களே. பிரச்சினை இல்லைன்னுதான உங்க படம் சொல்லுச்சு?" என்றார்.

வண்டியில் ஓடினோம். ஆறாவதும் ஏழாவதும் இல்லை. தட்டையாகப் புது மண் கிடந்தது. மற்ற ஏழுக்காகச் சாலையை வளைக்கிறார்கள்.

வெள்ளை ஷூ அங்கேயே உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் கொடுத்தேன். "தேங்க்ஸ்க்கா" என்றாள். எப்போது கவனித்தீர்கள் என்று மேடம் என்னைக் கேட்டார். அன்று காலையில் என்றேன். "நல்லவேளை, உங்க கண்ணுல பட்டுச்சு. இல்லன்னா ஒன்பதும் போயிருக்கும்" என்றார்.

அவளை மாத முடிவோடு அனுப்பிவிடுவார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். நிரந்தர இடத்துக்கு என் பெயரை எழுதப்போவதாக மேடம் சொன்னார். கதவைத் தட்டினேன், "வாங்க"ன்னார், உட்காரச் சொன்னார்.

உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதுகிறேன். மாமாவிடமும் சொல்.

உன் தங்கை


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதமே இல்லை. உடம்பு சரியில்லையா? போனில் அம்மாவோடு மட்டும் பேசிவிட்டு, நான் வருவதற்குள் வைத்துவிடுகிறாயாம். "என்னடி சண்டை ரெண்டு பேருக்கும்?" என்கிறாள் அம்மா. ஒன்றுமில்லை என்றேன். நீ என்ன சொன்னாய்?

மேடம் இன்னும் என் பெயரை அனுப்பவில்லை. மேலிடத்தில் ஒரு கையெழுத்து பாக்கியாம். வெள்ளை ஷூ தினமும் வருகிறாள். யாரும் அவளோடு பேசுவதில்லை. அவள் அப்பா இப்போது மதியம் போன் செய்வதில்லை, அல்லது அவள் எடுப்பதில்லை. இதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அவள் ஒருத்தியாக உட்கார்ந்து சாப்பிடும்போதும் நேராக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். அதைப் பார்த்தும் எரிகிறது.

நீ நினைப்பதை எழுதிவிடு. திட்டுவதானால் திட்டிவிடு.

உன் தங்கை


ஜூன் 8

பூனைக்கு,

உடம்பு சுகம்தான். இருமல் விட்டுவிட்டது. எந்தக் கஷாயமும் குடிக்கவில்லை.

கல்லுக்காக நான் கோபப்படுகிறேன் என்று நினைத்திருப்பாய். அந்தப் பெண்ணுக்காக என்று நினைத்திருப்பாய். அதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தோன்றியது. முதலில் தோன்றியதைச் சொல்கிறேன். நாளைக்கே போய்ச் சொல் என்று நான் கேட்டேன். நீ போகவில்லை. உன் மேடம் ஒரு வார்த்தை அப்படிச் சொல்லியிருந்தால் மழையில் நனைந்துகொண்டு ஓடியிருப்பாய். எனக்கு அது பொறுக்கவில்லை. அவர் உன்னை எத்தனை நாளாகப் பார்க்கிறார்? நான் எத்தனை நாளாகப் பார்க்கிறேன்?

சிரிப்பாய். சிரி. அவள்மேல் நீ எரிகிறாய், அவர்மேல் நான் எரிகிறேன். ஒரே வயிற்றில் பிறந்ததற்கு வேறு அடையாளம் வேண்டாம்.

அன்று காலையில்தான் கவனித்ததாக மேடத்திடம் சொன்னாயே. உன் மேடத்துக்குத் தெரிந்த காலை கூட்டத்தன்று வந்தது. எனக்குத் தெரிந்த காலை ஏப்ரலில் வந்தது. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அம்மா தெருவெல்லாம் உன் பெயரைச் சொல்லிக்கொண்டு திரியட்டும், அதற்கும் ஆமாம் போடுகிறேன். ஆனால் இனி என்னைப் பார்த்துப் பேசும்போதெல்லாம் இவளுக்குத் தெரியும், இவளுக்குத் தெரியும் என்று உனக்கு ஓடும். என் பக்கத்தில் உட்காரவே பயப்படுவாய். அப்படி ஒரு தங்கை எனக்கு வேண்டாம்.

சாப்பிடு. அம்மாவுக்குக் காலில் தைலம் தேய்த்து விடு.

அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவுக்குத் தைலம் தேய்க்கிறேன். வலி இரண்டு வீட்டிலும் குறைந்திருக்கிறது.

உன் கடிதம் வந்த மறுநாளே போனேன். மேடம் கூப்பிடவில்லை. நீ சொன்னதால் போனேன். கதவைத் தட்டவில்லை. மறந்துவிட்டது.

"மேடம், எனக்கு ஏப்ரலுக்கு முன்னாடியே தெரியும்" என்றேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எது?"

"புள்ளி தள்ளியிருக்கறது. கூட்டத்துல சொல்லலாம்னு வச்சிருந்தேன்."

"கூட்டத்துலன்னா?"

"எல்லார் முன்னாடியும்."

வெளியே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அவளுக்குத் தெரியாம நடந்துச்சு. தெரியாதவளுக்குச் சொல்லிக் குடுக்கலாம். தெரிஞ்சு செஞ்சவளுக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?" என்றார். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அழுதிருப்பேன்.

நிரந்தர இடத்துக்கு இப்போது அவள் பெயர் போயிருக்கிறது. என் ஒப்பந்தம் அடுத்த மாதத்தோடு முடிகிறது. அதுவரை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மேட்டுக்குப் போய், ஒவ்வொரு வட்டத்தையும் கருவி வைத்து நேரில் அளந்து சரிபார்க்க வேண்டும். அழிந்த இரண்டும் உட்பட. இல்லாமல் போன இடத்துக்கும் புள்ளி உண்டு. இங்கே இருந்தது என்று அது சொல்ல வேண்டும்.

நேற்று போனோம். நான் ஒப்புக்கொண்டதை மேடம் அவளிடம் சொல்லியிருந்தார். கருவி காட்டும் எண்ணை நான் படிக்க, அவள் பலகையில் மாட்டிய படிவத்தில் எழுத வேண்டும். வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. புதரில் முள் அவள் கையைக் கிழித்தது. துணி கொடுத்தேன், வாங்கவில்லை. அக்கா என்று கூப்பிடவும் இல்லை. "சொல்லுங்க", "அடுத்தது", "சொல்லுங்க". அவ்வளவுதான்.

ஐந்தாவது வட்டத்தில் கேட்டாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா அரை மணி நேரத்துல திருத்தியிருப்பேன்."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"பொறாமைதான்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். "எங்கிட்ட என்ன இருக்குன்னு?" என்றாள்.

ஷூ என்று சொல்ல வந்தேன். வேறு வந்தது. "உங்கப்பா போன்ல லேயரப் பத்திக் கேக்கறாரு. எங்க வீட்டுல லேயர்னா என்னன்னு கேக்கக்கூட ஆளில்ல. எங்கக்கா ஒருத்திதான் கேட்டா. அதுவும் லெட்டர்ல."

அவள் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நான் அழுதன்னைக்கு நீங்கதான் தண்ணி குடுத்தீங்க."

"ஆமா."

"இத்தனைக்கும் நடுவுல அதத்தான் என்னால மன்னிக்க முடியல."

கருவியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்தேன்.

ஏழாவது வட்டத்தின் இடம் எனக்குத்தான் தெரியும். சரளைக் கல்லின் மேல் நின்று இங்கேதான் என்றேன். "நிச்சயமா?" என்றாள். நிச்சயம் என்றேன். எண்களைப் படித்தேன், எழுதிக்கொண்டாள்.

"அழிஞ்ச காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போட?"

"சாலைன்னு போடுங்க."

"சாலை மட்டுமா?"

பலகையை அவள் கையிலிருந்து வாங்கினேன். 'சாலைப் பணி. வரைபடத்தில் தவறு. தவறு தெரிந்தவர் உரிய நேரத்தில் சொல்லவில்லை' என்று எழுதினேன். பதிவு செய்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். இன்றைக்குக் காலையில் அவள் அதை ஒரு எழுத்து மாற்றாமல் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். இனி அந்தப் புள்ளியை யார் தொட்டாலும் அதுதான் வரும். நானும் ஒரு முறை தொட்டுப் பார்த்தேன்.

மாலையில் மேடத்தின் அறையில் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. வயிறு எரிந்தது அக்கா. மறைக்கவில்லை, எழுதிவிட்டேன்.

அடுத்த மாதம் உன்னிடம் வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா? மாமாவிடம் கேட்டு எழுது.

உன் தங்கை